சம்பளமில்லாதவர்களோடு இருபத்தேழு டிசம்பர்

சபை அலுவலகத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் புதிய எழுத்தர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் இதுவரை வேலை செய்த தன்னார்வலர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டுமாம். இந்த ஆண்டு முதல் நாடகத்தைத் திருநெல்வேலியில் உள்ள ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். மேடை, விளக்கு, ஒலி, பின்னால் ஒளிரும் பெரிய திரை எல்லாவற்றையும் அவர்களே கொண்டுவந்து, அவர்களே கழற்றிக்கொண்டு போவார்கள். பழைய ஆட்களுக்கு ஆளுக்கொரு நினைவுக் கேடயம் கொடுத்து முடித்துக்கொள்வது என்று கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது.

"பேரு மட்டும் போதும்க்கா. கேடயத்துல அடிக்கணும்" என்றார்.

பெயர்களை அனுப்பிவிட்டேன். பெயரோடு சேர்த்து அனுப்ப முடியாத சில விஷயங்கள் மிஞ்சின. அவற்றை இங்கே எழுதுகிறேன்.

தென்காசியில், பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகர அலுவலகத்தில் நான் இருபத்தேழு ஆண்டு எழுத்தராக இருந்தேன். ஞானஸ்நானப் பதிவேடு, திருமண அறிக்கை, கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கும் கடிதம், இவைதான் என் வேலை. நியமன உத்தரவின் கடைசியில் 'மற்றும் குருவானவர் சொல்லும் இதர பணிகள்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குள்தான் கிறிஸ்துமஸ் நாடகம் வந்தது. குற்றாலத்தில் சபைக்கு ஒரு முகாம் மைதானம் உண்டு. டிசம்பர் மூன்றாம் வாரம் அங்கே நாடகம் நடக்கும். நடிப்பவர்கள் இருபத்தைந்து பேர் என்றால், மேடைக்குப் பின்னால் நாற்பது பேர் இருப்பார்கள். அந்த நாற்பது பேரையும் மேற்பார்வை செய்வது என் பொறுப்பு. அவர்களில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. எனக்கு மட்டும் உண்டு. இந்த வித்தியாசத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அவர்களும் மறந்ததில்லை.

டிசம்பர் அந்தப் பாதையில் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஐயப்ப பக்தர்களின் வேன்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டுச் செங்கோட்டை வழியாக மலையேறும். மேலகரத்திலிருந்து முகாம் மைதானத்துக்குப் பத்து நிமிடத்தில் வருகிறவர் ஒரு மணி நேரம் கழித்து வருவார். ஒருபக்கம் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். இன்னொருபக்கம் எங்கள் நாடக மேய்ப்பர்களின் ஒட்டுத் தாடி மழையில் ஊறிக் கழன்று விழும்.

முதல் மூன்று டிசம்பரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினேன், கத்தினேன், தொண்டை கட்டிக்கொண்டது. யார் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

எனக்கு வேலையைக் கற்றுக் கொடுத்தவர் நான்காம் ஆண்டு வந்த சாலமோன் ஐயர். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது. உயரமானவர், கொஞ்சம் கூன். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாடகத்தன்று மாலை நான்கு மணிக்குக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேடையை ஒரு சுற்று வருவார். நோட்டோடு நான் பின்னால் போக வேண்டும். கண்ணில் படும் ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று ஒரே கேள்விதான் கேட்பார்.

"இது யார் கை?"

அந்தப் பொருளுக்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. "பசங்க பாத்துக்குவாங்க ஐயா" என்று ஒரு தடவை சொன்னேன். திரைச்சீலைக் கயிற்றின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பசங்களில் யார் என்று நான் ஓடிப்போய்க் கேட்டு, ஒரு பெயரோடு திரும்பி வரும்வரை அடுத்த பொருளுக்கு நகரவில்லை. பத்து நிமிடம் இருக்கும். கோபமாகவும் இல்லை. அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

நோட்டு போடும் முறையும் அவர் சொன்னதுதான். ஆளுக்கு ஒரு பக்கம். என்ன வேலை, எத்தனை மணிக்கு வர முடியும், எந்த பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்ப வேண்டும், சர்க்கரை போட்ட டீ குடிப்பாரா, அவரால் வர முடியாமல் போனால் அந்த வேலையை அடுத்து யார் செய்வார். எங்களுக்கு மைக் செட்டும் ஜெனரேட்டரும் பார்த்தவர் தென்காசிக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த காஜா மைதீன். ஊரில் எல்லா விசேஷத்துக்கும் ஆளனுப்புகிறவர், எங்கள் நாடகத்துக்குத் தானே வந்து உட்காருவார், வாடகையும் வாங்க மாட்டார். அவருடைய மாலைத் தொழுகை முடிந்து வரும் நேரத்தைப் பார்த்துத்தான் நாடகம் ஆறே முக்காலுக்குத் தொடங்கும் என்று நோட்டீஸ் அடித்தோம். ஆறு மணிக்கு வைத்தால் என்ன என்று கமிட்டியில் யாரோ கேட்டார்கள். "ஆறு மணிக்கு மைக்கு யார் கை?" என்று ஐயர் கேட்டதும் பேச்சு முடிந்தது.

நாடகம் முடிந்த அடுத்த வாரம் ஐயர் வீடு வீடாகப் போவார். நானும் போவேன். உட்கார மாட்டார், டீ குடிக்க மாட்டார். வாசலில் நின்று, அந்த ஆள் செய்ததில் ஒன்றே ஒன்றைச் சொல்வார். காஜா மைதீன் கடையில் அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"ரெண்டாவது காட்சியில கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் வர்ற வரைக்கும் நான் எண்ணிக்கிட்டிருந்தேன். ஏழு எண்ணுறதுக்குள்ள விளக்கு வந்துட்டுது."

காஜா மைதீன் சிரிக்கவில்லை. கையில் இருந்த வயரைக் கீழே வைத்துவிட்டு, "போன வருசம் பன்னண்டு ஆச்சு ஐயரே. அது எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு" என்றார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தும் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். ஐந்தாம் ஆண்டு நன்றியுரையைத் தட்டச்சு செய்தபோது, நேரமில்லாமல், கடைசியில் 'மற்றும் பெயர் குறிப்பிடாத அனைவருக்கும்' என்று முடித்துவிட்டேன். ஐயர் மேடையில் அந்த வரியை வாசிக்காமல் விட்டார். மறுநாள் அலுவலகத்தில் தாளை என் முன் வைத்து, "இந்த 'பெயர் குறிப்பிடாத' ஆட்கள் யார் யாருன்னு எழுதும்மா" என்றார். ஒன்பது பெயர் எழுதினேன். பத்தாவது வரவில்லை. அது மேலகரத்துப் பாக்கியம் அக்கா. பழைய ஜன்னல் திரைகளைக் கிழித்து மேய்ப்பர்களுக்கும் ராஜாக்களுக்கும் அத்தனை அங்கியையும் ஒற்றை ஆளாகத் தைத்தவர். மதியமே துணியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதால், நன்றியுரை எழுதும் நேரத்தில் என் கண்ணில் அவர் இல்லை.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அட, நான் அதெல்லாம் நெனைக்கவே இல்ல, ரைட்டரம்மா" என்றார். என்னை அப்படித்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அடுத்த ஆண்டு துணியோடு போனபோது அவருக்குக் கை வலி. அதற்கடுத்த ஆண்டும் கை வலி. பக்கத்து வீட்டுக்குப் பாவாடை தைத்துக்கொண்டுதான் இருந்தார். சம்பளம் வாங்குகிறவருக்கு மனக்குறை இருந்தால் மனு எழுதுவார். வாங்காதவருக்குக் கை வலி வந்துவிடும். அதற்கு நாம் மருந்து கொண்டுபோக முடியாது.

சாலமோன் ஐயர் மாற்றலாகிப் போனபின்பும் நான் அந்த நான்கு மணிச் சுற்றை விடவில்லை. வாசலில் நின்று ஒன்று சொல்வதையும் விடவில்லை. அவருக்குப்பின் மூன்று குருவானவர்கள் வந்தார்கள். இனி சொல்லப்போவது என்னுடைய பதினெட்டாவது டிசம்பரில் நடந்தது.

எங்கள் நாடகத்துக்குக் கூட்டம் வந்ததே தேவதூதனைப் பார்க்கத்தான். மேடையின் பின்புறம் இரண்டு இரும்புக் கம்பம், மேலே குறுக்கே ஒரு கம்பம், அதில் ஒரு கப்பி. தேவதூதனுக்கு உடுப்புக்கு உள்ளே இடுப்பிலும் தொடையிலும் வார்ப்பட்டை கட்டி, கப்பி வழியாகக் கயிற்றை ஓரத்துக்குக் கொண்டுவருவோம். அங்கே தரையில் ஊன்றிய ஒரு இரும்புக் குழாயில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றினால், பாரத்தைக் குழாய் வாங்கிக்கொள்ளும். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். பாடகர் குழு நாலு வரி பாடி முடிப்பதற்கும் தேவதூதனின் கால் தரையைத் தொடுவதற்கும் சரியாக இருக்கும்.

அந்தக் கயிறு அருள்ராஜ் அண்ணாச்சியின் கை. புளியறைக்காரர். சோதனைச்சாவடிப் பக்கம் கேரளத்துக்குப் போகும் லாரிகளில் லோடு கட்டுவது, தார்ப்பாய் போட்டு முடிச்சுப் போடுவது அவர் தொழில். பதினான்கு வருடம் தேவதூதனை இறக்கியவர். பேச்சு குறைவு. வந்ததும் கயிற்றை முழுக்க அவிழ்த்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் உருவிப் பார்ப்பார். பிறகுதான் யாரையும் பார்த்துத் தலையாட்டுவார்.

அந்த ஆண்டு தேவதூதன் ஷீபா. தென்காசியில் ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண். இருபத்துநாலு வயதிருக்கும். ஏற்கெனவே ஐந்து வருடம் அந்தக் கயிற்றில் இறங்கியவள். முதல் ஒத்திகை முடிந்து வார்ப்பட்டையை அவிழ்க்கும்போது, "யக்கா, இந்த வருசம் கொஞ்சம் குலுங்குது" என்றாள். நான் ஓரத்துக்குப் போய்ப் பார்த்தேன். குழாயில் கயிறு மூன்று சுற்று இருந்தது.

மூன்று சுற்று போட்டால் பிடிப்பு அதிகம். கையில் வலுவே வேண்டாம். ஆனால் சீராக இறங்காது, தட்டித் தட்டித்தான் இறங்கும். பதினான்கு வருடமாக இரண்டு சுற்று போட்டவர் ஏன் மூன்று போட்டார் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அவரிடம் கயிற்றைப் பற்றி நான் கேட்பதா என்று ஒரு கூச்சம். இரண்டாவது ஒத்திகையிலும் மூன்று சுற்று. அன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது ஒத்திகையில், நாடகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, மூன்றாவது சுற்று இரண்டாவதன்மேல் ஏறி இறுகிக்கொண்டது. ஷீபா பாதி உயரத்தில் நின்றுவிட்டாள். அண்ணாச்சி கயிற்றை உதறினார். சிக்கு விட்டதும் கயிறு அவர் கையிலிருந்து ஓடியது. ஷீபா நாலடிக்கு மேல் விழுந்து, தரைக்கு ஒரு முழம் மேலே வெட்டி நின்றாள். குழாயில் இருந்த சுற்று காப்பாற்றியது. கீழே நிறுத்தியிருந்த பலகை ஆட்டுக்குட்டியில் அவள் முட்டி உரசியது. முதலில் சிரித்தாள். பிறகு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கயிறு நனைஞ்சிருக்கு" என்றார் அண்ணாச்சி.

காலையில் மழை பெய்திருந்தது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நான் போய்க் கயிற்றைத் தொட்டேன். சாமான் அறைக்குள் தொங்கிய கயிறு. காய்ந்துதான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஷீபாவின் வார்ப்பட்டையை அவிழ்க்கப் போனேன்.

அப்போதைய குருவானவர் இளவயதுக்காரர், நல்ல மனிதர். நடந்ததை அவரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "நாடகத்தன்னைக்கு மேடையில கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்திருவோம். பதினாலு வருஷ சேவைக்குப் பாராட்டுன்னு சொல்லிருவோம். கயிற்றை வேற யார்கிட்டயாவது குடுத்துருங்க. அவருக்கும் மரியாதையா இருக்கும்" என்றார். ஒருநாள் அவகாசம் கேட்டேன்.

சம்பளம் வாங்குகிறவரை ஓர் உத்தரவில் வேறு இடத்துக்கு மாற்றலாம். விருப்பப்பட்டு வந்தவரை மாற்ற உத்தரவு கிடையாது. பொன்னாடை என்றதும் எனக்குப் பாக்கியம் அக்கா ஞாபகம்தான் வந்தது. காரணத்தைச் சொல்லாமல் மேடையில் பாராட்டி அனுப்பினால், அந்த ஆள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு புளியறைக்கு பஸ் ஏறினேன். செங்கோட்டை தாண்டி வேன்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போனோம். சாவடிக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. வைக்கோல் ஏற்றிய ஒரு லாரியின் கீழே அண்ணாச்சி நின்றார். தார்ப்பாயின் ஓரத்தை இடது கையால் இழுத்துப் பிடித்திருந்தார். வலது கை சும்மா தொங்கியது. லாரியின் உச்சியில், சேலையை இடுப்பில் செருகி, மேலே ஓர் ஆண் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பெண் காலை ஊன்றிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அது அவர் மனைவி ஜெசிந்தா. அவரை நான் அதற்குமுன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், இரண்டும் கல்யாண வீட்டில்.

அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஷீபா எப்டி இருக்கா?"

"முட்டியில சிராய்ப்புதான். வேலைக்குப் போயிட்டா."

"கயிறு நனைஞ்சு..."

"அண்ணாச்சி, கயிறு காஞ்சிதான் இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன். நீங்க மூணு சுத்து போட்டிருந்திய. அதுக்கு முந்தின ரெண்டு ஒத்திகையிலயும் மூணுதான் போட்டிய."

அவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "எண்ணினியளா?" என்றார்.

"எண்ணினேன்."

"அப்பமே கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்புதான்."

பக்கத்து டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். டீ வந்ததும் வலது கையால் கிளாஸை எடுக்கப் போனார். கட்டைவிரலும் அடுத்த விரலும் மடங்கின, மற்ற மூன்றும் மடங்கவில்லை. எனக்குக் காட்டத்தான் எடுத்தார் என்று நினைக்கிறேன். இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கழுத்துல நரம்பு அமுங்குதுன்னு டாக்டர் சொல்லுதாரு. எட்டு மாசமாச்சு. யார்ட்டயும் சொல்லல. சொன்னா எவன் லோடு தருவான்? அதான் மூணு சுத்து. குழாய் பிடிச்சுக்கிடும்னு நெனைச்சேன்."

"உங்க கையில இனி கயிறு குடுக்க முடியாது, அண்ணாச்சி."

இதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் பல விதமாக யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான். அவர் டீயைக் குடித்து முடித்தார். லாரிக்காரர் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி தலையை ஆட்டினார், கயிற்றை உருவிப் பார்த்து முடித்தபின் ஆட்டுவதைப்போல.

ஜெசிந்தா லாரியிலிருந்து இறங்கி வந்து நின்றிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"இத சொல்லுததுக்குத்தான் வந்தியளா?" என்றார்.

"ஆமாம்மா."

"நல்லதாப் போச்சு. நான் எட்டு மாசமாச் சொல்லுதேன், கேக்கல. நீங்க சொன்னா கேக்காவ." முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ரைட்டரம்மா, நான் ஒண்ணு கேக்கட்டா? டிசம்பர் வந்துட்டா அவுக மூணு வாரம் உங்க மேடையில வந்து நின்னுருதாவ. இங்கன லோடு நிக்குமா? டிசம்பர்லதான் வண்டி ஜாஸ்தி. யாரு கட்டுதான்னு என்னைக்காவது கேட்டியளா?"

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"நாந்தான் கட்டுதேன். பதினாலு வருசமா. மொதல் வருசம் எனக்கு முடிச்சே போடத் தெரியாது. ஆரியங்காவு ஏத்தத்துல தார்ப்பாய் அவுந்து, ரோடெல்லாம் வைக்கோல். அந்த டிரைவர் திரும்பி வந்து, இந்த நடுரோட்டுல நிக்க வச்சு என்னைய ஏசினான். அன்னைக்கு சாயந்தரம் அவுக உங்க தேவதூதன எறக்கிட்டு இருந்தாவ." என் மடியில் இருந்த நோட்டைக் காட்டி, "எல்லாரு பேரும் அதுல இருக்குன்னு அவுக சொல்லுவாவ. என் பேரு இருக்கா?" என்றார்.

அருள்ராஜ் என்ற பக்கத்தைத் திருப்பினேன். சர்க்கரை போட்ட டீ. கடைசி பஸ் புளியறைக்கு. மாற்று ஆள் என்ற இடத்தில் கோடு. "இல்லம்மா" என்றேன்.

"எழுதச் சொல்லல. கேட்டேன், அவ்வளவுதான்."

"இவ பிடிப்பா" என்றார் அண்ணாச்சி திடீரென்று. "கயித்த இவகிட்ட குடுங்க. என்னையவிட நல்லாப் பிடிப்பா."

"நான் வரமாட்டேன்" என்றார் ஜெசிந்தா. அடுத்த லாரியை நோக்கிப் போய்விட்டார்.

தென்காசிக்குத் திரும்பியதும் குருவானவரிடம் மூன்று விஷயம் சொன்னேன். பொன்னாடை வேண்டாம், அவரிடம் நேரில் சொல்லியாகிவிட்டது. கயிற்றை இரண்டு நாளில் புதிதாக யாரிடமும் கொடுக்க மாட்டேன். இந்த ஆண்டு தேவதூதன் படியில் நடந்து வரட்டும். கமிட்டியில் கோபம் எழுந்தது. நோட்டீஸில் தேவதூதன் படம் போட்டாயிற்று, கூட்டம் ஏமாந்து போகும் என்றார்கள். குருவானவர் இளவயது என்றாலும் பிடிவாதக்காரர் இல்லை. என்னைக் காட்டி, "பொறுப்பு எமிலி அம்மா கை" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார். சாலமோன் ஐயரின் வார்த்தை அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

நாடகத்தன்று ஆறரை மணிக்கு அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னால் பட்டுச் சேலையில் ஜெசிந்தா. அன்றைக்கு லோடு கட்டவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். பதினான்கு வருடத்தில் அவர் நாடகத்தை முன்னாலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. ஷீபா பலகைப் படிக்கட்டில் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, தன் வசனத்தை நன்றாகவே சொன்னாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

முடிந்தபின் அவர்களிடம் போனேன். ஜெசிந்தாதான் சொன்னார்: "நடந்து வந்தா தேவதூதன் மாதிரியா இருக்கு? தந்தி குடுக்க வந்தவன் மாதிரில்லா இருக்கு."

அந்த ஜனவரியில் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: இவர் இங்கே வருகிறபோது அங்கே யார் நிற்கிறார்கள். அதை நிரப்ப எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. காஜா மைதீனின் கடையில் அவர் தம்பி. விளக்குப் பார்க்கும் ஆசிரியையின் வீட்டில், படுத்த படுக்கையான மாமியாருக்கு அந்த மூன்று வாரமும் கஞ்சி கொடுத்தது எதிர்வீட்டுப் பெண். சில வீடுகளில் என்னை உட்காரச் சொன்னார்கள், சில வீடுகளில் கதவைப் பாதிதான் திறந்தார்கள். ஒருவர், "இப்பமாவது தெரிஞ்சுதே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அது எனக்கு வேண்டியதுதான் என்று திரும்பி வந்தேன்.

புளியறைக்கும் போனேன். ஜெசிந்தா ஒரு லாரியின் மேல் இருந்தார், இறங்கவில்லை. கீழேயிருந்து, "அம்மா, இந்த முடிச்சு ஆரியங்காவு ஏத்தத்துல அவுறாது" என்றேன். கட்டிக்கொண்டே, "உங்களுக்கு முடிச்சப் பத்தி என்ன தெரியும்?" என்றார். "ஒண்ணும் தெரியாது. ஒரு மணி நேரமா எதிர்த்தாப்புல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றேன். அவர் என்னைக் குனிந்து பார்த்தார். பேச்சு அதோடு சரி.

அண்ணாச்சிக்கு அந்தக் கோடையில் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கை பாதிதான் திரும்பியது. சாவடிப் பக்கம் லாரிகளுக்கு வரிசை பார்த்து, பேசி, லோடு பிடிப்பது அவர் வேலையாயிற்று. கட்டுவது ஜெசிந்தா என்று எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்ததால் லோடு ஒன்றும் குறையவில்லை.

அடுத்த நவம்பரில் நாடக ஆட்களின் முதல் கூட்டம் முகாம் மைதானத்தில் நடந்தது. நான் பெயர் வாசித்துக்கொண்டிருந்தபோது இருவரும் வந்தார்கள். ஜெசிந்தா நாற்காலியில் உட்காரவில்லை. "கயிறு எங்கன இருக்கு?" என்று கேட்டார். சாமான் அறையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தோம். வெளிச்சத்தில் பிடித்து, கையால் முறுக்கிப் பார்த்தார்.

"இதுலயா இத்தன வருசமா ஆள எறக்குனிய? உள்ள நார் உளுத்துருக்கு. வேற வாங்குங்க."

புதுக்கயிறு வாங்கினோம். ஒரு பெண் அந்த இடத்தில் நிற்பதைப் பற்றிக் கமிட்டியில் இரண்டு பேர் பேசினார்கள். ஷீபாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முட்டியைத் தடவிக்கொண்டு, "பயமாத்தான் இருக்குக்கா" என்றாள். அவளை நான் வற்புறுத்தவில்லை.

முதல் ஒத்திகையன்று ஜெசிந்தா குழாயில் இரண்டு சுற்று போட்டார். அண்ணாச்சி இரண்டடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஷீபா வார்ப்பட்டையோடு ஓரமாக நின்றாள், முன்னால் வரவில்லை. ஜெசிந்தா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ரைட்டரம்மா, நீங்க எத்தன கிலோ?"

"எழுபத்திரெண்டு."

"அந்தப் பட்டையக் கட்டிக்கிட்டு வாங்க. மொதல்ல உங்களத் தூக்குதேன்."

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிலர் சிரித்தார்கள். சேலைக்கு மேல் வார்ப்பட்டையைக் கட்டச் சொன்னேன். இரண்டு ஆட்கள் இழுக்க, ஜெசிந்தா குழாயில் தொய்வை வாங்கிக்கொள்ள, நான் மேலே போனேன். பன்னிரண்டு அடி என்று அத்தனை வருடம் நோட்டில் எழுதியிருக்கிறேன். அவ்வளவு உயரம் என்று நினைத்ததில்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கீழே காஜா மைதீன் வயர் சுற்றுவதை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். ஆசிரியை விளக்கின்மேல் கை வைத்தபடி நின்றார். இத்தனை பேரை இத்தனை வருடம் நான் மேற்பார்வை பார்த்த இடம் எல்லாம் தரையில்தான் இருந்தது.

"பயமா இருக்கா?" கீழேயிருந்து ஜெசிந்தாவின் குரல்.

"இருக்கு."

"இருக்கட்டும். கைய விடாதிய."

கண்ணை மூடிக்கொண்டு இறங்கத் தொடங்கினேன். பாடகர் குழு பாடவில்லை, எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். கயிறு குழாயில் உரசும் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டது. என் கால் தரையைத் தொட்டது தெரியவே இல்லை, அண்ணாச்சி "வந்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

ஜெசிந்தா கயிற்றைத் தளர்த்தி, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்து, மறுபடியும் இரண்டு சுற்று போட்டார்.

"சரி. அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க" என்றார்.